மாரடைப்பும் பாரிசவாதமும்: வீட்டில் இருந்து வைத்தியசாலை வரை செய்ய வேண்டியவை

இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியொன்று அடைபட்டு, அந்த நாடியை நம்பியிருந்த தசைப்பகுதி இறக்கத் தொடங்குவதையே மாரடைப்பு என்கிறோம். மூளையின் நாடியொன்றுக்கு அதே நிலை நேரும்போது அது பாரிசவாதமாக வெளிப்படுகிறது; சிலரில் நாடி வெடித்துக் குருதி கசிவதாலும் பாரிசவாதம் வரும். அடிப்படைக் காரணம் பெரும்பாலும் ஒன்றாக இருந்தாலும், முதல் சில நிமிடங்களில் வீட்டில் செய்ய வேண்டியவை ஒன்றல்ல. மாரடைப்பில் உயிர்காக்கும் அஸ்பிரின், பாரிசவாதத்தில், மூளையில் நடந்தது அடைப்பா குருதிக்கசிவா என்று தெரியுமுன் கொடுக்கப்பட்டால் பெருங்கேடு செய்யக்கூடும். இந்த வேறுபாட்டையும் அதற்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளையும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் வாழும் குடும்பங்களுக்கு விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். நோயாளிக்கு அருகில் நிற்பவரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்; அந்த வேளையில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான்.

நேரத்தை எழுதி வையுங்கள்

1986 இல் இத்தாலியில் 11,000 இற்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளர்களிடம் நடத்தப்பட்ட ஜிஸ்ஸி ஆய்வு, குருதிக்கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து 21 நாட்களுக்குள் நிகழும் இறப்பை 13 சதவீதத்தில் இருந்து 10.7 சதவீதமாகக் குறைத்தது என்று காட்டியது. அந்தச் சராசரியை விட முக்கியமானது அதற்குள் இருந்த இன்னொரு கண்டுபிடிப்பு. நோ தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து பெற்றவர்களில் இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆறு மணித்தியாலங்கள் கடந்தபின் பெற்றவர்களுக்குத் தெளிவான பயன் தெரியவில்லை. மூளையைப் பொறுத்தவரை இந்த அவசரம் இன்னும் கடுமையானது. பெரிய நாடியொன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006 இல் வெளியான கணிப்பொன்று கூறுகிறது.

எனவே அறிகுறி தொடங்கியதும் மணிக்கூட்டைப் பார்த்து, அந்த நேரத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி நோயாளியுடன் அனுப்புங்கள். "பின்னேரம் போல" என்று சொல்வதற்கும் "4.20 மணிக்கு" என்று சொல்வதற்கும் இடையில் ஒரு சிகிச்சையே கைநழுவிப் போகலாம். தூக்கத்தில் இருந்து எழும்பும்போதே கை விழுந்திருந்தால், எழும்பிய நேரத்தைத் தொடக்க நேரமாகக் கொள்ள முடியாது. அவர் கடைசியாக நல்ல நிலையில் இருந்தது எப்போது என்பதையே வைத்தியர் கேட்பார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுடைய கைத்தொலைபேசியில் இருக்கும் வட்ஸ்அப் அழைப்புப் பதிவு இந்த இடத்தில் பெரும் உதவியாகும். இரவு 9.40 இற்குக் கனடாவில் இருக்கும் மகளோடு தெளிவாகக் கதைத்திருக்கிறார் என்றால், அந்த 9.40 ஐயே எழுதி வையுங்கள்.

அறிகுறிகளைக் கண்டுகொள்ளல்

நெஞ்சின் நடுவே பாரம் ஏற்றியது போன்ற நோ, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுமுட்டு ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள் என்பதைப் பெரும்பாலோர் அறிவர். ஆனால் நீரிழிவு உள்ளவர்களிலும் பெண்களிலும் முதியவர்களிலும் நெஞ்சு நோ இல்லாமலே, வெறும் களைப்பாக, சத்தியாக, மேல்வயிற்று எரிவாக அது வரக்கூடும். இங்கேதான் நாம் பெரும்பாலும் நேரத்தை இழக்கிறோம். "வாய்வு பிடித்துவிட்டது" என்று ஓமத்தண்ணீரும் இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுத்து, நெஞ்சைத் தடவிவிட்டு, விடியட்டும் என்று காத்திருக்கிறோம். தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில் புதிதாகத் தோன்றிய நோவோ இறுக்கமோ வியர்வையுடன் வந்தால், அல்லது பத்து நிமிடத்துக்கு மேல் தணியாமல் நின்றால், ஈசிஜி (இதயத்துடிப்பின் மின்பதிவு) எடுத்து வைத்தியர் மறுக்கும் வரை அதை இதய நோவாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு.

இளவயது என்ற ஆறுதலும் நமக்குப் பொருந்தாது. இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியான இன்ரர்ஹார்ட் பகுப்பாய்வின்படி, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது இப்பிராந்தியத்தில் 53. ஏனைய நாடுகளில் 58.8. நாற்பதுகளில் உள்ள ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் "இந்த வயதிலா" என்று கேட்டு நிமிடங்களைக் கடத்தாதீர்கள்.

பாரிசவாதத்துக்கு மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாயின் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் முன்னே நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கை கீழே இறங்குகிறதா? பழக்கமான ஒரு வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சுக் குழறுகிறதா, அல்லது நீங்கள் சொல்வதே அவருக்கு விளங்கவில்லையா? இவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றியிருந்தாலே போதும். திடீரெனப் பார்வை மறைவதும், காரணமின்றிச் சமநிலை தவறி நடக்க முடியாமல் போவதும் இதே வகையில் சேரும். இவை பத்து நிமிடத்தில் தானாக மறைந்துவிட்டாலும் நிம்மதி அடையக் கூடாது. அது பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். இத்தகைய தற்காலிகத் தாக்குதலோ சிறிய பாரிசவாதமோ வந்தவர்களை உடனடியாகப் பரிசோதித்து மருந்து தொடங்கியபோது, அடுத்த 90 நாட்களில் மீண்டும் பாரிசவாதம் வருவது 80 சதவீதம் குறைந்தது என்று ஒக்ஸ்போர்டில் நடந்து 2007 இல் வெளியான எக்ஸ்பிரஸ் ஆய்வு காட்டியது. ஆகவே அறிகுறி மறைந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

குருதியில் வெல்லம் மிகக் குறைந்தாலும் பேச்சுக் குழறி ஒரு பக்கம் பலவீனமாகலாம். நீரிழிவுக் குளிசையை வழமைபோல எடுத்துவிட்டுக் கந்தசஷ்டி விரதத்தில் உணவின்றி இருப்பவர்களுக்கு இது நேரக்கூடும். வீட்டில் குளூக்கோமீற்றர் இருந்தால் அம்புலன்ஸ் வரும் இடைவெளியில் விரலில் குத்திப் பாருங்கள். அளவு குறைவாக இருந்து, அவர் முழு நினைவோடு, இருமலின்றி விழுங்கக்கூடியவராக இருந்தால் மட்டுமே சீனி கரைத்துக் கொடுக்கலாம். இந்தப் பரிசோதனைக்காக அழைப்பைத் தாமதிக்க வேண்டாம்.

1990 இற்கு அழைத்தல்

சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலை முதல் வடமாகாணத்திலும் இயங்குகிறது, இலக்கம் 1990. அழைக்கும்போது முதல் வசனத்திலேயே "நெஞ்சு நோ" என்றோ "ஒரு பக்கம் வாதம் அடித்துவிட்டது" என்றோ சொல்லி, தொடங்கிய நேரத்தையும் சொல்லுங்கள். ஒழுங்கைகள் நிறைந்த நம் ஊர்களில் வீட்டிலக்கம் மட்டும் போதாது; அருகிலுள்ள கோயில், பாடசாலை, சனசமூக நிலையம் ஒன்றைக் குறிப்பிட்டு, ஒருவரை ஒழுங்கை முகப்பில் நிறுத்துங்கள். படலையைத் திறந்து வைத்து நாயைக் கட்டிவிடுங்கள். அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்று சொல்லப்பட்டால் மட்டும் கார் அல்லது வான் பிடியுங்கள். மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் நோயாளியை இருத்திக் கொண்டுபோவதை நம் வீதிகளில் காண்கிறோம். வழியில் இதயத்துடிப்பு நின்றால் அந்த இருக்கையில் எந்த உதவியும் செய்ய முடியாது.

எங்கே போவது என்பதை எவரும் நோயுறாத ஒரு நாளில் விசாரித்து வைக்க வேண்டும். மாரடைப்புக்கு ஈசிஜி எடுத்து உடனே மருந்து தொடங்கக்கூடிய மிக அருகிலுள்ள வைத்தியசாலை தேவை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் ஒன்று உங்கள் வீட்டுக்கு யாழ் போதனா வைத்தியசாலையை விடக் கிட்டவாக இருக்கலாம். பாரிசவாதத்துக்கு, மூளையைப் படமெடுக்கும் சீரி ஸ்கான் வசதியுள்ள இடம் தேவை. நெடுந்தீவு, நயினாதீவு போன்ற இடங்களில் வாழ்பவர்கள் காலைப் படகுக்காக வீட்டில் காத்திருக்கக் கூடாது. முதலில் தீவிலுள்ள வைத்தியசாலைக்குப் போனால், முதற்சிகிச்சையும் கிடைக்கும், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அவசரமாகக் கடல்வழி மாற்றுவதற்கான ஒழுங்கும் அங்கிருந்தே செய்யப்படும்.

கொடுக்கக்கூடியதும் கூடாததும்

1988 இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் பங்குபற்றினர். ஒரு மாதம் நாளொன்றுக்கு 160 மில்லிகிராம் அஸ்பிரின் பெற்றவர்களில், ஐந்து வாரங்களுக்குள் இதய, நாடி நோய்களால் ஏற்பட்ட இறப்பு 9.4 சதவீதம், பெறாதவர்களில் 11.8 சதவீதம். அஸ்பிரினையும் ஸ்ரெப்டோகைனேஸையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 8.0 சதவீதமாகவும் இரண்டும் பெறாதவர்களில் 13.2 சதவீதமாகவும் இருந்தது. மலிவான ஒரு குளிசைக்கு இவ்வளவு வலு உண்டு என்பதை இந்த ஆய்வே நிலைநாட்டியது. எனவே மாரடைப்பு என்று வலுவாகச் சந்தேகித்தால், அம்புலன்ஸுக்கு அழைத்த பிறகு, 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கச் செய்யுங்கள். 75 மில்லிகிராம் குளிசைகள்தான் இருந்தால் நான்கு. அஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப்புண்ணில் குருதிக்கசிவு, முதுகைக் கிழிப்பது போன்ற கடும் நோ, பேச்சிலோ கையிலோ மாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் கொடுக்கக் கூடாது. மாரிகாலத்தில் டெங்கு பரவும் நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அண்மையில் காய்ச்சல் இருந்திருந்தால் அஸ்பிரின் கொடாமல் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பாரிசவாதம் என்று தோன்றினால், மேலே சொன்னபடி வெல்லம் குறைந்திருப்பது தெரிந்தால் தவிர, வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம். அஸ்பிரினும் வேண்டாம், தேநீரும் வேண்டாம்; விழுங்கும் தசைகள் பலவீனமாக இருந்தால் ஒரு மிடறு தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போகலாம். பிரஷர் கூடியிருப்பதைக் கண்டு வீட்டிலுள்ள பிரஷர் குளிசையை மேலதிகமாகக் கொடுப்பதும் தவறு. அடைபட்ட பகுதியைச் சுற்றியுள்ள மூளைக்கு அந்த அழுத்தத்தாலேயே கொஞ்சக் குருதி போய்க்கொண்டிருக்கலாம். விரல் நுனிகளில் ஊசியால் குத்திக் குருதி எடுக்கச் சொல்லும் வட்ஸ்அப் செய்திக்கும், மாரடைப்பில் பலமாக இருமச் சொல்லும் செய்திக்கும் மருத்துவ ஆதாரம் இல்லை.

நோயாளி நினைவிழந்து, வழமையாக மூச்சு விடவில்லையென்றால், நெஞ்சின் நடுவே இரண்டு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். உதவி வந்து பொறுப்பேற்கும் வரை நிறுத்த வேண்டாம்.

வைத்தியசாலையில்: இதயத்துக்கு

வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டாம். நெஞ்சு நோ என்று சொல்லி நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வந்து பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கப்பட வேண்டும் என்பது உலகளாவிய வழிகாட்டல். பழைய ஈசிஜித் தாள், கிளினிக் கொப்பி, எடுக்கும் குளிசைகள் மூன்றையும் கொண்டுபோங்கள். பழைய தாளோடு ஒப்பிட்டால்தான் எந்த மாற்றம் புதியது என்று தெரியும்.

முதல் ஈசிஜி சரியாக இருந்தது என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. நோ தொடர்ந்தால் மீண்டும் எடுக்க வேண்டும். குருதியில் பார்க்கும் ட்ரோபோனின், இறந்த இதயக் கலங்களில் இருந்து கசியும் புரதம். அது உயர்வதற்குச் சில மணித்தியாலங்கள் எடுக்கும். நோ தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் தனியார் ஆய்வுகூடமொன்றில் ஒரேயொரு தடவை பார்த்து, இல்லை என்று வந்ததும் வீட்டுக்குத் திரும்புவது ஆபத்தானது. உயர் உணர்திறன் கொண்ட புதிய பரிசோதனைகளிலும் ஒன்று முதல் மூன்று மணித்தியாலங்கள் கழித்து மீண்டும் பார்த்து, ஏற்றம் இருக்கிறதா என்பதை அறிந்தே முடிவெடுக்கிறார்கள்.

நாடி முழுதாக அடைபட்டதை ஈசிஜி காட்டினால் இரண்டு வழிகள் உண்டு. நோய் கண்டறியப்பட்டு 120 நிமிடத்துக்குள் அடைப்பை அஞ்சியோகிராம் (நாடிக்குள் மெல்லிய குழாய் செலுத்திப் படமெடுத்தல்) ஊடாக நேரடியாகத் திறந்து, நாடியைத் திறந்தபடி வைத்திருக்கும் சிறு வலைக்குழாயான ஸ்ரென்ற் வைக்க முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாவிட்டால், நோ தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் இருப்பவருக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தை உடனே ஏற்றி, அது பலித்தபின் 2 முதல் 24 மணித்தியாலத்துக்குள் அஞ்சியோகிராம் செய்வது இன்றைய நெறி. தூரத்திலுள்ள பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்து, கையிலிருக்கும் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்ரெப்டோகைனேஸ் ஒரு பக்ரீரியாவில் இருந்து பெறப்படுவதால் உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கும். ஒருமுறை பெற்றவருக்கு அதை மீண்டும் கொடுப்பதில்லை. மருந்தின் பெயரும் திகதியும் நோய் நிர்ணய அட்டையில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒட்சிசன் பற்றி ஒரு சொல். முகமூடி போடவில்லையே என்று உறவினர் தாதியருடன் வாதிடுவதுண்டு. சுவீடனில் 6,629 பேரிடம் நடந்து 2017 இல் வெளியான ஆய்வில், ஒட்சிசன் அளவு 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த நோயாளர்களுக்கு மேலதிக ஒட்சிசன் கொடுத்ததால் ஒரு வருட இறப்பு குறையவில்லை. முகமூடி இல்லையென்பது கவனிப்பு இல்லையென்று ஆகாது.

வைத்தியசாலையில்: மூளைக்கு

முதல் வேலை சீரி ஸ்கான். தொடக்க மணித்தியாலங்களில் அடைப்பினால் வரும் பாதிப்பு அதில் பெரும்பாலும் தெரியாது; குருதிக்கசிவு இருந்தால் உடனே தெரியும். ஆகவே "ஸ்கானில் ஒன்றும் இல்லை" என்று வைத்தியர் சொன்னால், கசிவு இல்லை, எனவே கட்டி கரைக்கும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம் என்பதே அதன் பொருளாக இருக்கலாம். அதைக் கேட்டதும் நோயாளியை வீட்டுக்குக் கூட்டிச் செல்லக் கேட்பது மிகப் பெரிய தவறாகிவிடும்.

கட்டி கரைக்கும் அல்ரெப்ளேஸ் என்ற மருந்தைப் பற்றி அமெரிக்காவில் 624 பேரிடம் நடந்து 1995 இல் வெளியான ஆய்வே இச்சிகிச்சைக்கு அடித்தளம். மூன்று மணித்தியாலத்துக்குள் மருந்து பெற்றவர்கள், மூன்று மாதத்தின் பின் இயலாமை இல்லாமலோ மிகச் சிறிய இயலாமையுடனோ இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடியது. 2008 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. மருந்து ஏற்றுமுன் குருதியமுக்கம் 185/110 இற்குக் கீழே கொண்டுவரப்பட வேண்டும். வார்பரின் போன்ற குருதி உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கிறாரா, அண்மையில் சத்திரசிகிச்சை நடந்ததா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடியவரே கூடப் போக வேண்டும்.

இச்சிகிச்சைக்கு உங்கள் சம்மதம் கேட்கப்படும். உள்ளதை உள்ளபடி அறிந்து சம்மதியுங்கள்: அதே 1995 ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 0.6 சதவீதத்தினருக்கும் நிலைமையை மோசமாக்கும் மூளைக் குருதிக்கசிவு ஏற்பட்டது. அப்படியிருந்தும் மூன்று மாத முடிவில் இறந்தவர்கள் மருந்து பெற்ற பிரிவில் 17 சதவீதம், பெறாத பிரிவில் 21 சதவீதம். ஆபத்து உண்மையானது, ஆனால் தகுதியுள்ள நோயாளிக்கு, குறித்த நேரத்துக்குள், பயன் அதை விஞ்சுகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகள் எல்லாரையும் தொலைபேசியில் பிடித்து ஒருமித்த முடிவுக்கு வரும் வரை இந்த மருந்து காத்திருக்காது. அப்பாவோ அம்மாவோ நலமாக இருக்கும்போதே, அவசரத்தில் யாழ்ப்பாணத்தில் முடிவெடுப்பவர் யார் என்பதைக் குடும்பத்தோடு பேசித் தீர்த்துவிடுங்கள்.

பெரிய நாடியில் சிக்கிய கட்டியைக் குழாய் செலுத்தி வெளியே எடுக்கும் முறை, 2015 இல் வெளியான ஐந்து ஆய்வுகளால் நிலைபெற்றது. 2018 இல் வந்த டோன், டிஃபியூஸ்-3 ஆய்வுகள், ஸ்கானில் காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி இன்னும் இருப்பதாகத் தெரியும் சிலருக்கு முறையே 24, 16 மணித்தியாலங்கள் வரையும் அது பயன்தரும் என்று காட்டின. நாட்டின் எல்லா வைத்தியசாலைகளிலும் இவ்வசதி இல்லை. நரம்பியல் வைத்தியரிடம் இது பொருந்துமா என்று கேளுங்கள். அதற்காக அல்ரெப்ளேஸைப் பின்போட வேண்டாம்.

வீடு திரும்பிய பின்

பாரிசவாத நோயாளியை விழுங்கும் பரிசோதனை முடியுமுன் ஊட்டாதீர்கள். படுத்த நிலையில் எப்போதும் ஊட்டாதீர்கள். எப்போது எழுப்பி இருத்துவது, நடக்க வைப்பது என்பதை இயன்மருத்துவர் சொல்லட்டும். முதல் 24 மணித்தியாலத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடக்கவைத்தவர்களுக்கு நன்மை கூடவில்லை என்று 2015 இல் வெளியான ஆய்வொன்று கண்டது. பலவீனமான கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு விலகலாம். எண்ணெய் போட்டு உருவுவதற்கு முன் இயன்மருத்துவரைக் கேளுங்கள்.

பாரிசவாதம் வந்தவருக்கும் ஈசிஜி அவசியம். இதயம் ஒழுங்கற்றுத் துடிப்பதால் அங்கே உருவான கட்டி மூளைக்குப் போயிருந்தால், அஸ்பிரின் போதாது. குருதி உறையாமல் தடுக்கும் வேறு மருந்து தேவைப்படும். சிறிய பாரிசவாதத்தின் பின் அஸ்பிரினுடன், கட்டி உருவாவதைத் தடுக்கும் இன்னொரு குளிசையான குளோப்பிடோகிரெல்லும் சேர்த்துத் தருவது பெரும்பாலும் 21 நாட்களுக்கே. ஸ்ரென்ற் வைத்தவருக்கோ இரண்டும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் குளிசை அட்டவணையைப் பார்த்து உங்கள் குளிசையை நிறுத்தாதீர்கள். பல்லுப் பிடுங்குவதற்காகக்கூட, இதய வைத்தியரைக் கேளாமல் அவற்றை நிறுத்தக் கூடாது. புகைத்தலையும் வெற்றிலையோடு போடும் புகையிலையையும் அன்றோடு விட வேண்டும்; நீரிழிவும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்க்க வேண்டும். கிளினிக் திகதியில் போக முடியாமல் போனால், குளிசை முடியும் வரை காத்திராமல் அதற்கு முன்பே கொப்பியோடு ஒருவரை அனுப்பி அடுத்த திகதியையும் மருந்தையும் கேட்டுப் பெறுங்கள்.